அரியணையும் அடவியும்: இராமகாதைக் காசுகளில் முடிசூட்டுக் காட்சி – ஓர் ஒப்பீடு

முன்னுரை

சிலாங்கூர் மாநிலத்தின் வடபகுதியில், சுங்கை பஞ்சாங் வட்டாரத்தில் வாழும் மூதாட்டி ஒருவரின் பூசையறையில் உள்ள பழங்காசு ஒன்றைப் பார்வையிடுமாறு, அவ்வூர்ப் பக்கத்துத் தமிழாசிரியர் ஒருவர் எம்மை அழைத்திருந்தார். குங்குமமும் எண்ணெய்யும் படிந்து கறுத்திருந்த அக்காசின் ஒருபுறம் இராமபிரானும் சீதாபிராட்டியும் அரியணையில் வீற்றிருக்க, இளையோர் சூழ்ந்து நிற்க, அனுமன் அடிபணிந்திருக்கும் காட்சி காணப்பட்டது. மறுபுறம் கிழக்கிந்தியக் கம்பெனியின் பெயரும், ‘ஓர் அணா’ என்னும் மதிப்பும், 1818 என்னும் ஆண்டும் ஆங்கிலத்தில் பொறிக்கப்பட்டிருந்தன. “எங்க தாத்தா கப்பல்ல வந்தப்ப மடியில முடிஞ்சிக்கிட்டு வந்தது சார்” என்று அம்மூதாட்டி கூறினார். இக்காசு பல்லாயிரம் ரிங்கிட் பெறும் என்றும், அதன் ‘சக்தியைச்’ சோதிக்க முன்பணம் வேண்டும் என்றும் ஒருவர் கூறிச் சென்றிருந்தார். பணத்தைக் கொடுக்கலாமா என்பதே அக்குடும்பத்தார் எம்மிடம் கேட்ட கேள்வி.

கொடுக்கலாகாது என்பதைச் சொல்வது எளிது. ஆனால், ‘இது போலிக்காசு’ என்ற ஒரே சொல்லில் அப்பொருளை ஒதுக்கிவிட்டு வருவது முறையாகுமா என்னும் ஐயம் எமக்கு எழுந்தது. போலி எனப்படுவது அதன் ஆண்டா, மதிப்பா, உருவமா, அல்லது அதனைச் சுற்றி அமைந்த குடும்ப நினைவா? இவ்வினாக்களுக்கு விடைகாண வேண்டுமாயின், இராமகாதையின் முடிசூட்டுக் காட்சி காசு என்னும் சிறு வட்டத்துள் எவ்வாறெல்லாம் அமைக்கப்பட்டு வந்துள்ளது என்பதை ஒப்பிட்டுக் காண்பது இன்றியமையாதது. அதனையே இக்கட்டுரை செய்ய முற்படுகிறது.

காட்சியின் இலக்கிய, சிற்ப மரபு

முடிசூட்டுக் காட்சியில் யார் எங்கே நிற்கிறார், எதனை ஏந்துகிறார் என்பது எல்லா மரபுகளிலும் ஒன்றுபோல் இல்லை. வான்மீகத்தில் வெண்குடை பிடிப்பவன் சத்துருக்கனன். சாமரம் வீசுவோர் சுக்கிரீவனும் வீடணனும் ஆவர். கம்பர் இவ்வமைப்பை மாற்றுகிறார். அவர் காப்பியத்தில் குடை பரதன் கைக்கு வருகிறது. இராமனின் ஆசனத்தைத் தாங்கும் பேறு அனுமனுக்கும், வாளேந்தி நிற்கும் பேறு அங்கதனுக்கும் கிட்டுகின்றன. தம்பியர் இருவர் சாமரம் வீசுகின்றனர். வசிட்டர் முடியைச் சூட்டுகிறார். ஆனால் அம்முடியை அவர் கையில் எடுத்துக் கொடுப்போர், கம்பரைப் புரந்த வெண்ணெய்நல்லூர்ச் சடையப்ப வள்ளலின் முன்னோர். அயோத்தி அரசவையின் நடுவே தமிழ் உழவர் குடியொன்றின் கைகளைக் கம்பர் நுழைத்துவிடுகிறார் என்பது இங்கு நினைவிற்கொள்ளத்தக்கது. முடிசூட்டுக் காட்சி, அதனைப் போற்றுவோர் தம்மையும் அதனுள் இருத்திக்கொள்ள இடந்தரும் காட்சி என்பதை இது உணர்த்துகிறது.

சிற்ப மரபில், கும்பகோணம் இராமசுவாமி கோயில் தனிச்சிறப்புடையது. 17ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆண்ட தஞ்சை இரகுநாத நாயக்கரோடு தொடர்புடைய அக்கோயிலின் கருவறையில், இராமனும் சீதையும் ஒரே ஆசனத்தில் அமர்ந்துள்ளனர். பரதன் குடை பிடிக்கிறான். சத்துருக்கனன் சாமரம் ஏந்துகிறான். இலக்குவன் வில்லோடு நிற்கிறான். அனுமனோ வீணையும் சுவடியுமாகக் காட்சியளிக்கிறான். குடை பரதன் கையில் இருப்பது கம்பர் வழி. அனுமன் கையில் வீணை இருப்பது இசையில் தோய்ந்த தஞ்சை அரசவையின் வழி எனலாம். ஒரே காட்சி, அதனை அமைத்த இடத்தின் இயல்பைத் தன்னுள் ஏற்றுக்கொள்கிறது.

காப்பியத்திற்கும் கருவறைக்கும் இடம் உண்டு. காசிற்கோ இடமில்லை. பத்துப் பேர் நிற்க வேண்டிய அவையை விரல்நுனி அளவுள்ள உலோகத்தில் அடக்க வேண்டும். ஆகவே காசு வடித்த கைவினைஞன் முதலில் செய்ய வேண்டியது நீக்கல். யாரை நீக்கினான், யாரை விடாது வைத்தான் என்பதே அவனது திறனாய்வு. காசுகளை ஒப்பிடும்போது நாம் முதலில் நோக்க வேண்டியதும் அதுவே.

திருமலைராயரின் வராகன்

விசயநகர அரசர்கள் தம் பொற்காசுகளில் தெய்வ இணைகளைப் பொறித்து வந்தனர். இரண்டாம் அரிகரர் காலம் முதலே உமாமகேசுவரர், இலக்குமி நாராயணர் முதலிய வடிவங்களைக் காண்கிறோம். இருவர் அருகருகே அமர்ந்திருக்கும் இவ்வமைப்பு வராகனின் சிறு வட்டத்திற்கு நன்கு பொருந்துவது. ஏறத்தாழ 3.4 கிராம் எடையும் சட்டைப் பொத்தானின் அளவும் உடையது வராகன்.

1565ஆம் ஆண்டுத் தலைக்கோட்டைப் போருக்குப் பின் பெனுகொண்டாவிலிருந்து ஆண்ட ஆரவீட்டு மரபின் திருமலைராயர் வெளியிட்ட வராகனில், அமர்ந்த இணையோடு மூன்றாவதாக ஓர் உருவம் சேர்கிறது. இராமனும் சீதையும் அமர்ந்திருக்க, இலக்குவன் அருகில் நிற்கிறான். மறுபுறம் நாகரி எழுத்தில் அரசரின் பெயர் உள்ளது. குடையில்லை, சாமரமில்லை, அனுமனும் இல்லை. அவை முழுவதும் நீக்கப்பட்டபின் எஞ்சியவன் தம்பி ஒருவனே.

இத்தேர்வு தற்செயலானதாகத் தோன்றவில்லை. தலைக்கோட்டையில் தலையிழந்தவர் இராமராயர். அவர் தம்பியே திருமலைராயர். அண்ணனின் பெயரே காப்பியத் தலைவனின் பெயராகவும் இருக்க, தலைநகரை இழந்து புதிய இடத்தில் ஆட்சியமைத்த தம்பி, அமர்ந்த அண்ணனையும் நின்ற தம்பியையும் தம் காசில் பொறிக்கிறார். அவர் உள்ளக்கருத்து இதுவே என்று நாம் அறுதியிட்டுரைக்க முடியாது. எனினும், தம்பியைத் தவிர யாவரையும் நீக்கலாம் என்னும் அமைப்பு, அக்காசைக் கையில் ஏந்தியவர்களுக்கு வெறும் அணியாக மட்டும் பட்டிருக்காது என்று கொள்வது பொருந்தும்.

அக்பரின் காசு

இதற்கு நேர்மாறான அமைப்பை அக்பரின் இராமசீயக் காசில் காண்கிறோம். இலாகி 50ஆம் ஆண்டைக் குறிக்கும் இக்காசு, அக்பர் மறைந்த 1605ஐ ஒட்டியது. அரை மொகராக அமைந்த பொற்காசுகள் இலண்டன் பிரித்தானிய அருங்காட்சியகத்திலும் பாரிசிலும் உள்ளன. வெள்ளிக்காசு ஒன்று வாரணாசி பாரத் கலா பவனில் உள்ளது. முடியணிந்த இராமன் வில்லும் அம்புமாக முன்னே நடக்க, சீதை பின்தொடர்கிறாள். மேலே நாகரி எழுத்தில் இருவர் பெயரும் இணைந்து நிற்கின்றன.

இங்கு அரியணை இல்லை, அவர்கள் நடக்கிறார்கள். முகங்கள் பக்கவாட்டில் அமைந்துள்ளன. காண்போரை அவர்கள் நோக்கவில்லை, செல்லும் வழியையே நோக்குகின்றனர். 1580களில் அக்பரின் ஆணையால் இராமாயணம் பாரசீகத்தில் மொழிபெயர்க்கப்பட்டு ஓவியங்களோடு ஏடாக்கப்பட்டது. அவ்வோவியர் உலகின் வழியே வந்த காட்சி இது என்பது ஆடையமைப்பிலும் நடையின் இயல்பிலும் புலனாகிறது. முகலாய ஓவியனுக்கு இராமகாதை ஒரு கதை; கதைமாந்தர் இயங்க வேண்டும். விசயநகரக் கைவினைஞனுக்கு அது திருவுரு. திருவுரு அமர்ந்து அருள வேண்டும்.

இவ்வேறுபாட்டை நம் மாணவர்க்கு விளக்க மலேசியாவிலேயே நல்லதொரு சான்று உண்டு. கிளந்தான் வாயாங் கூலிட் நிழற்கூத்தில் செரி ராமாவும் சித்தி தேவியும் பக்கவாட்டுத் தோற்றத்திலேயே வடிக்கப்படுகின்றனர். ஏனெனில் அவை அசைந்து கதை சொல்ல வேண்டிய பாவைகள். கோயில் மூலவரோ நேர்நோக்கி நிற்கிறார். ஏனெனில் அவர் காண்பவரைத் தாமும் காண வேண்டும். பக்கவாட்டுமுகம் கதைக்குரியது, நேர்முகம் வழிபாட்டிற்குரியது என்னும் இப்பாகுபாடு எல்லா இடத்தும் பொருந்தும் விதியன்று; ஆயினும் இராமகாதைக் காசுகளைப் பொறுத்தவரை பெரிதும் பயன்படும் அளவுகோலாகும்.

சேது: உருவமில்லாத காட்சி

இவ்விடத்தில் யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்திகளின் காசுகளைச் சுருக்கமாகச் சுட்ட வேண்டும். அவற்றில் அமர்ந்த நந்தியின் உருவத்தோடு ‘சேது’ என்னும் தமிழ்ச்சொல் பொறிக்கப்பட்டுள்ளது. இராமன் இல்லை; அணை இல்லை; வானரர் இல்லை. ஒரு சொல் மட்டுமே காப்பிய நிகழ்ச்சியையும், அதன் இடத்தையும், அவ்விடத்தைக் காக்கும் உரிமையையும் சேர்த்துச் சுமக்கிறது. இராமநாதபுரத்துச் சேதுபதிகளின் செப்புக்காசுகளிலும் அப்பட்டப்பெயரைத் தமிழெழுத்தில் காண்கிறோம். தொன்மத்தை உருவால் காட்டாது எழுத்தால் காட்டும் இம்முறை, தமிழ் நாணய மரபின் சிறந்த கூறு எனலாம்.

இராமடங்கா: இருபுறக் காப்பியம்

மேற்கூறியவை யாவும் அரசர் வெளியிட்ட காசுகள். இராமடங்கா எனப்படுபவை அத்தகையன அல்ல. அவை வழிபாட்டிற்கெனவும் திருத்தலப் பயணத்தின் நினைவாகவும் செய்யப்பட்ட வில்லைகள். கடைவீதியில் செல்லுபடியாகும் பணம் அல்ல. பொன்னிலும் வெள்ளியிலும் பித்தளையிலும் பல அளவுகளில் இவை கிடைக்கின்றன. பழைய பொன்வில்லைகளுள் சில, கிண்ணம் போலக் குழிந்த வடிவின. வெள்ளி வில்லைகள் பலவற்றில் இராமன், இலக்குவன், சானகி, அனுமன் பெயர்கள் சிதைந்த நாகரியில் காணப்படுகின்றன; அவற்றிலுள்ள ஆண்டெண்களைக் காலக்கணிப்பிற்கு நம்ப இயலாது.

இராமடங்காவின் முன்புறத்தில் முடிசூட்டுக் காட்சி நிறைவாக அமைகிறது. குடையின் கீழ் இராமனும் சீதையும் அமர, இருமருங்கும் பரிவாரம் நிற்க, அனுமன் பணிந்திருக்கிறான். அளவு பெரிதாக இருத்தலின் வராகனில் நீக்கப்பட்டோர் மீண்டும் இடம்பெறுகின்றனர். கலைநுட்பத்தில் இவை வராகனுக்கு ஈடாகா. உருவங்கள் பல வேளைகளில் புள்ளிகளாகவும் கோடுகளாகவும் சுருங்கிவிடுகின்றன. கம்பரின் அங்கதனை இங்குப் பிரித்தறிதல் அரிது. ஆயினும் இவற்றின் சிறப்பு முன்புறத்தில் இல்லை. இருபுறத்தையும் சேர்த்துக் காண்பதில் உள்ளது.

பல இராமடங்காக்களின் பின்புறத்தில் இராமனும் இலக்குவனும் வில்லேந்தி நிற்கின்றனர். அங்கு அரியணை இல்லை, குடை இல்லை. அது வனவாசக் காட்சி. ஆக, வில்லையைக் கையில் வைத்துத் திருப்பினால் அடவியிலிருந்து அரியணைக்கும், அரியணையிலிருந்து அடவிக்கும் செல்கிறோம். சிற்பமும் ஓவியமும் பக்கத்தில் பக்கமாகச் சொல்வதைக் காசு முதுகோடு முதுகாகச் சொல்கிறது. முடிசூட்டின் மறுபக்கம் வனவாசம். ஒன்றில்லாமல் மற்றொன்று இல்லை. காசு என்னும் ஊடகத்திற்கே உரிய இவ்வாய்ப்பை, பெயரறியாக் கைவினைஞர்கள் நன்குணர்ந்து கையாண்டுள்ளனர் என்பதே எம் மதிப்பீடு.

1818ஆம் ஆண்டுக் ‘கம்பெனிக் காசு’

இனி, சுங்கை பஞ்சாங்கில் நாம் கண்ட காசிற்கு வருவோம். இதனைக் கம்பெனி வெளியிடவில்லை என்பதற்குக் கூறப்படும் காரணங்களுள் ஒன்று, ‘வெள்ளையர் இந்துத் தெய்வத்தைக் காசில் பொறிப்பரோ’ என்பது. இக்காரணம் பிழையானது. சென்னையில் கம்பெனி அச்சடித்த பொற்பகோடாக்களில் திருமாலும் தேவியர் இருவரும் நிற்கும் வகை ஒன்றுண்டு; மூன்றுசாமி வராகன் என்று அது வழங்கப்பட்டது. 1807, 1808 ஆகிய ஆண்டுகளில் சென்னையில் வெளியான வெள்ளிக்காசுகளில் ஒருபுறம் கோபுரமும் மறுபுறம் திருமாலும் காணப்படுவதோடு தமிழ், தெலுங்கு எழுத்துகளும் உள்ளன. எனவே தெய்வ உருவம் இருப்பது மட்டும் போலிமைக்குச் சான்றாகாது.

சான்று வேறிடத்தில் உள்ளது. கம்பெனி ஆட்சிப்பகுதிகளுக்கெல்லாம் பொதுவான நாணயமுறை 1835ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான் ஏற்பட்டது. 1818இல் வங்கம், பம்பாய், சென்னை மாகாணங்கள் தனித்தனி முறைகளைக் கொண்டிருந்தன. மேலும், ஓர் அணா என்னும் மதிப்பிற்கு இந்தியா முழுமைக்குமான தனிக்காசு 1907இல்தான் புழக்கத்திற்கு வந்தது; அதுவும் செப்புநிக்கல் கலவையில், அலைவிளிம்போடு. ஆகவே ‘ஓர் அணா, 1818’ என்னும் பொறிப்பு தன்னைத்தானே மறுத்துக்கொள்கிறது. இவ்வகைக் காசுகள் வெவ்வேறு ஆண்டுகளைத் தாங்கி இந்தியச் சந்தைகளில் ஏராளமாக விற்கப்படுகின்றன. அரிசியை ஈர்க்கும் ஆற்றல் உண்டு என்று கூறி இவற்றைக் கொண்டு நடத்தப்படும் ‘ரைஸ் புல்லிங்’ மோசடி இந்தியக் காவல்துறை நன்கறிந்த ஒன்று. செம்பிற்கும் பித்தளைக்கும் அரிசியை இழுக்கும் தன்மை இல்லை.

வரலாற்றுச் சான்று இவ்வளவில் நிற்க, கலைநோக்கில் இக்காசு எவ்வாறு அமைந்துள்ளது? முன்புறக் காட்சி இராமடங்கா மரபின் தொடர்ச்சியே. ஆனால் உருவங்களின் அடுக்கும், உடையின் மடிப்பும், நேரே நம்மை நோக்கும் முகங்களும், அச்சுக்கூடங்களில் வண்ணப்படமாக வெளிவந்த ‘இராமர் பட்டாபிசேக’ப் படங்களை நினைவூட்டுகின்றன. 1894இல் இரவிவர்மாவின் அச்சகம் தொடங்கியதன் பின்னர் இத்தகைய தெய்வப்படங்கள் எளியோர் இல்லங்கள்தோறும் பரவின. நம் தோட்டத்து லயன் வீடுகளின் சுவர்களிலும் அவை தொங்கின. நாம் கண்ட காசு அச்சுப்படத்தின் சுருக்கமாகத் தோன்றுகிறது. வராகனின் சிக்கனமோ, அக்பர் காசின் இயக்கமோ இதில் இல்லை. ஆனால் தெளிவு உண்டு. எழுத்தறியாத ஒருவரும் ஒவ்வோர் உருவத்தையும் பெயர்சொல்லி அழைக்கக்கூடிய தெளிவு.

இக்காசின் பெருங்குறை பின்புறத்தில் உள்ளது. இராமடங்காவில் வனவாசம் இருந்த இடத்தில் இங்குக் கம்பெனியின் பெயர் அமர்ந்துள்ளது. காப்பியத்தின் பாதி அழிக்கப்பட்டு, அவ்விடத்தில் அதிகாரத்தின் முத்திரை இடப்பட்டுள்ளது. பழமையையும் விலையையும் கூட்டிக்காட்டுவதற்காகச் செய்யப்பட்ட இம்மாற்றத்தால், அரியணை அடவியிலிருந்து துண்டிக்கப்படுகிறது. துன்பமின்றி வந்த முடியாக, திருப்பிப் பார்த்தால் கணக்கு மட்டுமே உள்ள முடியாக அது மாறிவிடுகிறது. எமது கருத்தில் இக்காசின் உண்மையான போலிமை இதுவே. ஆண்டைப் பொய்யாக எழுதியது சிறு பிழை. வனவாசத்தை நீக்கியது பெரும்பிழை.

இது வேறெங்கும்விடத் தோட்ட மண்ணில் கூர்மையாக உறைக்கிறது. 1917இல் நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் தோன்றிய இடம், கோல சிலாங்கூர்ப் பகுதியின் தென்னமரம் தோட்டம். அதற்கு முன்னும் பின்னும் இரப்பருக்காகவும் செம்பனைக்காகவும் காடு வெட்டிய கைகளுள் தமிழர் கைகள் மிகப்பல. கங்காணி முறையில் வந்து அடவியில் வாழ்ந்து, ஊர் திரும்பும் நாளை எண்ணிக் கொண்டிருந்தோருக்கு இராமகாதையில் தம் பக்கம் எதுவென்று தெரியும். அது வில்லேந்தி நிற்கும் பக்கம். அப்பக்கத்தைத்தான் இக்காசு நீக்கியிருக்கிறது.

முடிவுரை

மூதாட்டியின் வீட்டில் நாம் கூறியவற்றைச் சுருக்கித் தருவது பொருந்தும். ஒன்று, யாருக்கும் முன்பணம் தரவேண்டா. இரண்டு, 1818 என்னும் ஆண்டு உண்மையன்று; கம்பெனி இதனை வெளியிடவும் இல்லை. மூன்று, இதனால் தாத்தாவைப் பற்றிய நினைவு பொய்யாகிவிடாது. இந்திய அரசு மலாயாவிற்குத் தொழிலாளர் வருவதை 1938இல் நிறுத்தியது. ஓர் அணாக் காசு மக்கள் கையில் பழகத் தொடங்கிய 1907க்கும் 1938க்கும் இடையில் கப்பலேறிய ஒருவர், திருவிழாக் கடையொன்றில் இத்தகைய வில்லையை வாங்கி மடியில் முடிந்துவந்திருத்தல் கூடும். ஆண்டு பொய்யாயினும் பயணம் பொய்யாக வேண்டியதில்லை. அம்மூதாட்டி சற்றுநேரம் காசைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “சாமி இருக்கிற பக்கம் பொய்யில்லைதானே?” என்று கேட்டார். இல்லை என்றோம். அவர் காசைத் துடைத்து, பழைய இடத்திலேயே வைத்தார்.

தமிழாசிரியர்களுக்கு நாம் கூற விழைவது இதுவே. நம் மாணவர் இல்லங்களில் இத்தகைய பொருள்கள் பல உள்ளன. அவற்றை ‘அரிய புதையல்’ என்று வியப்பதும், ‘போலி’ என்று வீசுவதும் ஒரே அறியாமையின் இருமுகங்கள். ஒரு வகுப்பில் வராகன், அக்பர் காசு, இராமடங்கா, கம்பெனிக் காசு ஆகிய நான்கின் படங்களையும் அடுத்தடுத்து வைத்து, யார் அமர்ந்துள்ளார், யார் நிற்கிறார், யார் நீக்கப்பட்டார், பின்புறம் என்ன உள்ளது என்னும் நான்கு வினாக்களைக் கேட்கலாம். கம்பரின் முடிசூட்டுப் படலத்தைக் கற்பிப்பதற்கு இதைவிட எளிய வாயில் இல்லை. அதனினும் மேலாக, காட்டப்படும் பக்கத்தை மட்டும் நம்பாது, எதனையும் திருப்பிப் பார்க்கும் பழக்கத்தை அது மாணவர்க்குத் தரும். முன்பணம் கேட்டு வாசலில் வந்து நிற்பவரை எதிர்கொள்ள, அப்பழக்கத்தினும் சிறந்த காப்பு வேறில்லை.